ஆர்டர் இல்லாவிட்டால் என்ன, கண்ணு?

அன்புள்ள கண்ணு,

நேற்று நீ போனில் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்கு வேலையே ஓடவில்லை. "அப்பாயின்ட்மென்ட் ஆர்டரே தரலையேம்மா, பிரசவ லீவுக்குச் சம்பளம் எப்படிக் கேட்கிறது?" என்றாய். போனில் பதில் சொன்னால் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

1997-ல் நீ வயிற்றில் இருந்தபோது நான் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் காக்கிக் கவரில் சம்பளம் வரும். மேலே பென்சிலில் என் பெயர், பக்கத்தில் 'ஒன்பது ஷிப்ட்' என்று கணக்கு. நான் அங்கே வேலை பார்த்ததற்கு அதைவிட்டால் வேறு சீட்டு கிடையாது. ஏழாம் மாதம் சூப்பர்வைசர், "குழந்தை பிறந்து தெம்பானதும் வாம்மா" என்றார். அன்பாகத்தான் சொன்னார். நானும் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்தக் கவரை வீட்டுக்கு வந்து கிழித்துப் போட்டதுதான் இன்னும் உறுத்துகிறது.

அப்போதே 12 வாரச் சம்பளம் எனக்குச் சேர வேண்டியது என்று பல வருஷம் கழித்து சங்க ஆபீசில் ஒரு அக்கா சொல்லித்தான் தெரிந்தது. மகப்பேறு சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. கையில் ஆர்டர் இருக்கிறதா என்று அது கேட்கவில்லை. சம்பளத்துக்கு வேலை பார்த்தாயா, பிரசவ தேதிக்கு முந்தின 12 மாதத்தில் 80 நாளாவது வேலை செய்தாயா என்றுதான் பார்க்கிறது. டெல்லி மாநகராட்சியில் மஸ்டர் ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் மட்டும் பெயர் இருந்து தினக்கூலிக்கு வேலை பார்த்த பெண்களுக்கு, நிரந்தரம் இல்லையென்று சொல்லி இதைத் தர மறுத்தார்கள். அவர்களுக்கும் உண்டு என்று 2000-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது.

2017-லிருந்து முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். பத்துப் பேர் வேலை செய்யும் இடமென்றால் போதும், உன் ஆபீசில் பதினாலு பேர். சம்பளம் 21,000-க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. என்ற அரசுக் காப்பீடு இதைத் தரும், உன் சம்பளம் 24,000. அதனால் முதலாளிதான் கையிலிருந்து தர வேண்டும். "அந்தச் சட்டமே போயிடுச்சு" என்று யாராவது சொன்னால் அசந்துவிடாதே. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதன் இடத்துக்கு வந்திருக்கிறது. 80 நாளும் 26 வாரமும் அதிலும் அப்படியேதான் இருக்கின்றன.

இப்போதே செய்ய வேண்டியது, பேங்க் ஸ்டேட்மென்டில் சம்பளம் ஏறிய பக்கங்களை எடுத்து வை. ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் மேனேஜர் உனக்கு வேலை சொன்ன மெசேஜ், ஐ.டி. கார்டு, தீபாவளி போனஸுக்கு வந்த மெயில், எல்லாவற்றையும் மாப்பிள்ளை போனிலும் ஒரு காப்பி போட்டு வை. குரூப்பிலிருந்து உன்னை நீக்கிவிட்டால் அப்புறம் தேட முடியாது.

பிறகு ஒரு கடிதம் எழுது. எந்தத் தேதியிலிருந்து லீவு (பிரசவ தேதிக்கு எட்டு வாரத்துக்கு மேல் முன்னால் போகக் கூடாது), பணம் யாரிடம் தர வேண்டும், அந்தக் காலத்தில் வேறெங்கும் வேலைக்குப் போகமாட்டேன், இது மூன்றும் அதில் இருக்க வேண்டும். டாக்டர் சீட்டை இணைத்து ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள். பிரசவத்துக்கு முந்தைய பங்கை முன்கூட்டியே தர வேண்டும். மீதியைக் குழந்தை பிறந்ததற்கான சான்று கொடுத்த 48 மணி நேரத்துக்குள்.

மேனேஜர் உன்னைக் கூப்பிட்டு, "இப்ப ரிசைன் பண்ணிட்டுப் போம்மா, அப்புறம் புதுசா சேர்ந்துக்கலாம்" என்று தணிந்த குரலில் சொல்லலாம். எங்கேயும் கையெழுத்துப் போடாதே. லீவில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்குவதும் சட்டப்படி தப்பு. மறுத்தால் தொழிலாளர் துறை ஆபீசுக்கு நானே கூட வருகிறேன். எனக்கு இப்போது அங்கெல்லாம் போகக் கூச்சமில்லை.

கடிதத்தை அனுப்புவதற்கு முன் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. கால் வீக்கம் குறைந்ததா என்றும் எழுது. நேற்று அதைக் கேட்க மறந்துவிட்டேன்.

அன்புடன்,
அம்மா