போன் கவரில் கார்டு, பூட்டில்லாத சிம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கைப்பேசிப் பாதுகாப்பு என்றாலே ‘ஓடிபியைச் சொல்லாதீர்கள், தெரியாத லிங்க்கைத் தொடாதீர்கள்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இரண்டும் சரியான அறிவுரைதான். ஆனால் போனையே அடித்துக்கொண்டு போகிறவன் யாரிடமும் ஓடிபி கேட்க மாட்டான். அது அவன் கைக்கே வந்துவிடும். திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுகிறவர்களும், பண்ணாரி குண்டம் திருவிழாவுக்கும் அந்தியூர் குருநாதசாமி நோம்பிக்கும் போகிறவர்களும் இதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

பேட்டர்னும் கைரேகையும் போனைத்தான் காக்கும், சிம்மைக் காக்காது. ஊசியால் குத்தி சிம்மை எடுத்து வேறு போனில் போட ஒரு நிமிடம் போதும். அதன்பின் அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் அந்தப் போனுக்குத்தான் போகும். யுபிஐ செயலி அந்த சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்பித்தான் எண்ணைச் சரிபார்க்கிறது என்பதால் பதிவும் நடந்துவிடும். மிச்சம் இருப்பது யுபிஐ பின் மட்டுமே. அதைப் புதிதாக வைக்க டெபிட் கார்டின் கடைசி 6 இலக்கம், காலாவதி மாதமும் வருடமும், ஓடிபி ஆகியவை வேண்டும். சில வங்கிகள் ஏடிஎம் பின்னையும் கேட்கும். அந்தக் கார்டைத்தான் நம் ஆட்கள் போன் கவருக்குள் செருகி வைத்திருக்கிறார்கள்! பின் நம்பரை அதே கவரில் துண்டுச் சீட்டில் எழுதி வைப்பவர்களும் உண்டு. ஆதார் எண்ணைக் கொண்டும் யுபிஐ பின் வைக்கலாம் என்பதால் ஆதார் நகலும் அங்கே இருக்கக் கூடாது. தயவுசெய்து இன்றே எடுத்துவிடுங்கள்.

அடுத்தது சிம் பூட்டு, அதாவது சிம்முக்கே ஒரு பின் வைப்பது. அதைப் போடாமல் வேறு போனிலும் அந்த சிம் வேலை செய்யாது. ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ் தேடல் பெட்டியில் ‘சிம் லாக்’ என்று ஆங்கிலத்தில் தேடினால் கிடைக்கும். பெரும்பாலும் செக்யூரிட்டி பகுதிக்குள் இருக்கும். ஐபோனில் மொபைல் சேவைப் பகுதிக்குள் ‘சிம் பின்’ என்று இருக்கும். பூட்டை இயக்கும்போது சிம்மில் ஏற்கெனவே உள்ள பின்னைக் கேட்கும். 0000, 1234 என்று நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஊகித்துப் போடாமல் கஸ்டமர் கேரில் கேளுங்கள். மூன்று முறை தவறினால் சிம் முடங்கி, முடக்கத்தை நீக்கும் 8 இலக்க ‘பக்’ (PUK) எண் கேட்கும். அதையும் பத்து முறை தவறாகப் போட்டால் அந்த சிம் அவ்வளவுதான், புதிது வாங்க வேண்டும். பூட்டை இயக்கியதும் பின்னை மாற்றிவிடுங்கள். 1234 என்றே விட்டுவைத்தால் பூட்டியதற்கே அர்த்தமில்லை. இரண்டு சிம் இருந்தால் இரண்டுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

போனை அணைத்துப் போடும் ஒவ்வொரு முறையும் பின் கேட்கும், போடும்வரை அழைப்பு வராது. வயதானவர்களுக்கு இது சிரமம்தான். எண்ணை வீட்டு நாட்காட்டியின் பின்புறம் எழுதி வையுங்கள்.

பூட்டிய திரையிலேயே எஸ்எம்எஸ் வாசகம் தெரிந்தால் சிம் பூட்டும் பயன்படாது. நோட்டிஃபிகேஷன் அமைப்பில் அதை மறைத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் அக்கவுண்ட் பகுதிக்குள் இரட்டைச் சரிபார்ப்புக்கு 6 இலக்க எண் வைத்தால், உங்கள் பெயரில் சொந்தக்காரர்களிடம் பணம் கேட்கும் வேலை நடக்காது.

போன் போய்விட்டால் பலரும் அதற்கே திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்து நேரத்தை விட்டுவிடுகிறார்கள். பக்கத்தில் இருப்பவர் போனில் முதலில் சிம் நிறுவனத்தின் கஸ்டமர் கேரை அழைத்து சிம்மை முடக்கச் சொல்லுங்கள். அடுத்து வங்கிக்குப் பேசி யுபிஐ, கார்டு இரண்டையும் நிறுத்துங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவும் முன் சொன்னால்தான் நிறுத்தி வைக்க வாய்ப்பு. பிறகு காவல் நிலையத்தில் புகார், அதே எண்ணில் மாற்று சிம். புது சிம்மில் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது; அது விதி, பதற வேண்டாம்.

புகார் நகல், அடையாள அட்டை, ஐஎம்இஐ எண் (போனுக்கே உரிய அடையாள எண்) ஆகியவற்றோடு மத்திய அரசின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் பதிந்தால், இந்தியாவில் எந்த நெட்வொர்க்கிலும் அந்தப் போன் வேலை செய்யாதபடி முடக்குவார்கள். இரண்டு சிம் போனுக்கு ஐஎம்இஐ இரண்டு; இரண்டையும் கொடுக்க வேண்டும். போன் கிடைத்துவிட்டால் அதே தளத்தில்தான் விடுவிக்க வேண்டும். இந்த 15 இலக்க ஐஎம்இஐ எண் பில்லிலும் பெட்டியிலும் இருக்கும். பெட்டியை யாரும் வைத்திருப்பதில்லை. *#06# அழுத்தினால் திரையில் வரும். கையில் போன் இருக்கும்போதே குறித்து வையுங்கள்.

பழைய போன் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கே, ஒய், எம் என்ற ஆங்கில எழுத்துகள், ஓர் இடைவெளி, பின் ஐஎம்இஐ எண் என்று 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். முடக்கப்பட்டது, போலி எண் என்று பதில் வந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். சரியாக இருந்தாலும் ஐஎம்இஐ எழுதிய பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
கைப்பேசி பழுதுபார்ப்பவர்,
பல்லடம்.