ஏலத்துக்கு முன் கடலின் வரைபடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கூட்டப்புளி முதல் கூடுதாழை வரை நெல்லை மாவட்டக் கடற்கரை ஏறக்குறைய 50 கி.மீ.தான். இந்தச் சின்னக் கரைக்கு முன்னால் கிடக்கும் தண்ணீருக்கு இன்று எத்தனை உரிமைக்காரர்கள்! கூடங்குளத்தில் 2 அணு உலைகள் ஓடுகின்றன, மேலும் 4 உலைகளுக்கு வேலை நடக்கிறது. கடல்நீரை எடுத்து நிலையத்தைக் குளிர்வித்துவிட்டு, கடலைவிட 7 டிகிரிக்கு மேல் சூடு கூடாமல் திரும்ப விட வேண்டும் என்பது அங்கே நிபந்தனை. வடக்கே குலசேகரன்பட்டினம் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியாயிற்று. ஏவும் நாள்களில் கடலில் ஒரு பரப்பை மூடியாக வேண்டும். தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கப்பல்கள் போய்வருகின்றன. இத்தனையும் மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகத்துக்கு உள்ளேயும் அதை ஒட்டியும் நடக்கின்றன.

இப்போது கடல் காற்றாலையும் வரிசையில் நிற்கிறது. தமிழகக் கடலில் 500 மெகாவாட், குஜராத் கடலில் 500 மெகாவாட் அமைக்க, துறைமுக மேம்பாட்டையும் சேர்த்து 7,453 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் தந்தது. கடற்படுகையைக் குத்தகைக்கு விடும் விதிகள் 2023லேயே வந்துவிட்டன. காற்றாலையே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. ராதாபுரம், பணகுடி பக்கம் வாழ்கிற யாருக்கும் காற்றின் அருமை தெரியும். எங்கள் கேள்வி ஒன்றுதான்: யார் எங்கே, எந்த மாதத்தில், எதைச் செய்கிறார்கள் என்ற ஒரே வரைபடம் இல்லாமல் எப்படிக் கட்டம் போட்டுக் கடலைக் குத்தகைக்கு விடுவது?

ஒவ்வொரு துறையிடமும் ஒரு படம் இருக்கிறது. ஆனால் ஒன்றின்மேல் ஒன்றை வைத்துப் பார்ப்பவர் இல்லை. கரையிலிருந்து 12 கடல் மைல் வரை மீன்பிடிப்பு மாநில அரசின் பொறுப்பு, அதற்கு அப்பால் மத்திய அரசு. சாளைக்கும் சூரைக்கும் அந்தக் கோடு தெரியாது. மின்கேபிளும் வெளியே தொடங்கி உள்ளே வந்துதான் கரையேறும்.

இதைவிடப் பெரிய கோளாறு, கையில் இருக்கும் படங்களில் நம் கடல் காலியாகத் தெரிவதுதான். கப்பல்களிலும் பெரிய விசைப்படகுகளிலும் இருப்பிடம் காட்டும் ஏஐஎஸ் கருவி உண்டு. வள்ளத்திலும் ஃபைபர் படகிலும் அது கிடையாது. செயற்கைக்கோள் தடத்தை வைத்து மீன்பிடிப்பை அளந்தால், கரையை ஒட்டிய 5 கடல் மைல், அதாவது நாட்டுப்படகுகளுக்கென்று ஒதுக்கிய பகுதி, வெறும் நீலமாகவே வரும். ‘இங்கே யாரும் இல்லை’ என்று எழுதிவிடுவார்கள்.

ஊர்க்காரர்களிடம் கேட்டு வரைந்தாலும் ஒரு தவறு நேரும். ‘வலையை எங்கே விடுவீர்கள்?’ என்று கேட்டு ஒரு புள்ளி வைத்துக்கொள்வார்கள். வழிவலை நீரோட்டத்தோடு மிதந்து போகிற வலை. நீவாடு, அதாவது நீரோட்டம், மணிக்கு 1 கடல் மைல் ஓடினால், 4 மணி நேரத்தில் வலை 7 கி.மீ. தள்ளிப் போயிருக்கும். ஆகவே விட்ட இடம், வாங்கிய இடம் இரண்டையும் குறித்து, நடுவில் ஒரு பாதையாக வரைய வேண்டும். தென்காற்றான சோழகக் காலத்துப் பாதையும் வடகாற்றான வாடைக் காலத்துப் பாதையும் வேறு வேறு.

காற்றாலைக்கு நடுவே மீன் பிடிக்கலாம் என்று ஒரு வரியில் சொல்வது போதாது என்பதும் இதனால்தான். 15 மெகாவாட் எந்திரம் என்றால் 500 மெகாவாட்டுக்கு 34 கோபுரங்கள். விசிறிச் சுற்றின் குறுக்களவு 230 மீட்டரைத் தாண்டும். அதைப்போல் 7 மடங்கு தள்ளி நட்டால் கோபுரத்துக்குக் கோபுரம் 1.6 கி.மீ. ஒரு கி.மீ. நீள வழிவலை அதற்குள் மிதந்து போனால் எங்காவது மாட்டிக் கிழியும். தூண்டில்காரருக்கு அந்தத் தொல்லை குறைவு. கோபுரத்தின் அடியில் மீன் கூடுவதால் லாபமும் உண்டு. ஆனால் ஒவ்வொரு கோபுரத்தையும் சுற்றி 500 மீட்டர் மூடினால், 34 கோபுரங்களுக்கும் சேர்த்து ஏறக்குறைய 27 சதுர கி.மீ. போய்விடும். பெல்ஜியத்தில் காற்றாலைப் பரப்பு முழுவதையும் படகுகளுக்கு மூடிவிட்டார்கள், பிரிட்டனில் பொதுவாக உள்ளே மீன் பிடிக்க விடுகிறார்கள். இங்கே எந்த முறை என்பதை டெண்டர் போடும் முன்பே ஒப்பந்தத்தில் எழுத வேண்டும்.

கேபிளையும் பார்க்க வேண்டும். சேற்றிலும் மணலிலும் அதை ஒன்றிரண்டு மீட்டர் ஆழத்தில் புதைத்துவிடலாம். பாறைத்தரையான ‘பார்’ மேல் புதைக்க முடியாது. கல்லோ கான்கிரீட் பாயோ போட்டு மூடுவார்கள். சிங்கி இறால் ஒளிந்து வாழ்வதும் அந்தப் பாரில்தான். ஆகவே கேபிள் கரையேறும் இடத்தை மின்நிலையத்துக்குக் கிட்ட என்று மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது, தரையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மிகவும் கவலை தருவது வேலை நடக்கும் காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. தென்மேற்குப் பருவக்காற்று வலுப்பதற்கு முந்திய நாள்கள் அவை. கடலில் விசைப்படகும் இருக்காது. தூண் அடிக்க ஒப்பந்தக்காரர் அந்த நாள்களைத்தான் கேட்பார். மீன் முட்டையிடட்டும் என்று வலையை நிறுத்திவிட்டு, அதே நேரத்தில் கடல்தரையில் சம்மட்டி இறக்கினால் தடைக்காலத்துக்குப் பொருளே இல்லை. தூண் அடிக்கும் இடத்திலிருந்து 750 மீட்டரில் ஒலி 160 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று ஜெர்மனியில் வரம்பு வைத்திருக்கிறார்கள். காற்றுக்குமிழித் திரை போட்டு ஒலியை அடக்குகிறார்கள். அந்த இரண்டோடு இந்த 61 நாள் விலக்கும் இங்கே நிபந்தனையாக வர வேண்டும்.

வரைபடம் போடுவது நடக்காத காரியம் இல்லை. நார்வே உதவியோடு புதுச்சேரியையும் லட்சத்தீவையும் முன்னோடியாக எடுத்திருக்கிறார்கள். மீன்பிடிப் பகுதிகளையும் மீன் பெருகும் இடங்களையும் படத்தில் காட்ட வேண்டும் என்று 2011 கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையே சொன்னது. நம் கரையில் ஊருக்கு ஊர், வலைக்கு வலை, 8 அல்லது 10 படகுகளில் கையடக்க ஜிபிஎஸ் கொடுத்து, 12 மாதம் முழுவதும் பதிய வேண்டும். 3 மாதப் பதிவு ஒரு காற்றுக் காலத்தை மட்டும் காட்டி ஏமாற்றிவிடும். ஆழத்தை மீனவர் அளக்கும் பாகக் கணக்கிலும், தரை சேறா, மணலா, பாரா என்பதையும் எழுத வேண்டும். கடலரிப்பைத் தடுக்கக் கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிப் போடும் கல்தடுப்புகளான தூண்டில் வளைவுகளையும் இதே படத்தில் ஏற்றுங்கள். ஓர் ஊருக்குப் போட்ட வளைவு மணலைப் பிடித்துக்கொண்டு அடுத்த ஊரை அரிப்பது, ஊர் ஊராகப் பிரித்துத் திட்டம் போட்டதன் பலன்.

ஒரு எச்சரிக்கை. பார் இருக்கும் சரியான புள்ளியை வெளியிடக் கூடாது. தெரிந்தால் ஒரே பருவத்தில் வெளிப்படகுகள் வந்து சிங்கி இறாலை வழித்துவிடும், பிறகு எந்த ஊரும் உண்மையைச் சொல்லாது. பொதுப் படத்தில் ஒரு கி.மீ. சதுரக் கட்டங்கள் போதும். நுண்விவரம் ஊர்க் கமிட்டியின் கையில் இருக்கட்டும்.

கருத்துக்கேட்பைக் கலெக்டர் அலுவலகத்தில் வேலைநாளில் வைத்தால் கடலுக்குப் போனவர்கள் வர முடியாது. இந்தக் கரையில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. பூசை முடிந்த பிறகு, அந்தந்த ஊரிலேயே, தமிழில் எழுதிய பெரிய படத்தைச் சுவரில் மாட்டி, கோயில் கோபுரத்தையும் மலையையும் அடையாளமாகக் குறித்துக் காட்டுங்கள். தங்கள் வலை போகும் பாதையை அவர்களே பேனாவால் திருத்தித் தருவார்கள். அந்தத் திருத்தம் ஏறிய படத்தை வைத்த பிறகு டெண்டரைத் திறக்கட்டும்.

இப்படிக்கு,
கடல் அளவையிலும் மீன்வளப் பணியிலும் ஈடுபட்டுள்ள சிலர்,
ராதாபுரம் வட்டம், திருநெல்வேலி மாவட்டம்.