ஒரு கோயில், இரு சபைகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கிறிஸ்தவ சபைகளின் ஒற்றுமை குறித்த தங்கள் தலையங்கம், பல புராட்டஸ்டன்ட் சபைகள் ஒன்றிணைந்து 1947 இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையைப் போன்ற முழு இணைப்பை மட்டுமே பேசியது. இணையாமலே இடத்தைப் பகிர்ந்துகொண்ட மரபும் உண்டு. ஜெர்மனியின் பவுட்சன் நகரிலுள்ள புனித பேதுரு பேராலயத்தில், மார்ட்டின் லூத்தரின் சமயச் சீர்திருத்தம் பரவிய 1524 முதல், பீடம் அமைந்த பகுதியில் கத்தோலிக்கரும் மக்கள் அமரும் நடுக்கூடத்தில் லூத்தரன் சபையாரும் வழிபட்டு வருகின்றனர். அன்பினால் விளைந்த ஏற்பாடு என்று இதை மிகைப்படுத்த வேண்டியதில்லை. எவர், எங்கே, எப்போது வழிபடுவது என்பதை உடன்படிக்கைகளே வரையறுத்தன. ஆளுயரத்தை விஞ்சி இடையே நின்ற தடுப்பு 1952 இல்தான் இடுப்பளவுக்குத் தாழ்த்தப்பட்டது. ஆர்கன் இசைக்கருவிகளும் (இசையில் விட்டுக்கொடுப்பது கடினம் போலும்) இன்றும் தனித்தனியே உள்ளன. இத்தகைய நடைமுறை உடன்பாடுகளையும் தாங்கள் விரிவாக எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்