பட்டாணி சொல்லிவிட்டுத்தான் போகிறது

கோத்தகிரி,
கார்த்திகை 3.

அன்பு மகள் தேன்மொழிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே அம்மாவும் நானும் நலம். நீ அனுப்பிய, உங்கள் நாய்க்குட்டி பட்டாணியின் காணொளியை அம்மா குட்டியின் அழகுக்காகவும், நான் அதன் பின்னங்கால்களுக்காகவும் திரும்பத் திரும்பப் பார்த்தோம். எந்த அறிகுறியும் காட்டாமல் வீட்டுக்குள்ளேயே மலமும் சிறுநீரும் போய்விடுகிறது, இதை எப்படித்தான் பழக்குவது என்று கேட்டிருந்தாய். அறிகுறி அந்தக் காணொளியிலேயே முழுமையாக இருக்கிறதம்மா. பந்தைக் கவ்விக்கொண்டு ஓடி வந்த பட்டாணி, நீ சிரித்துக்கொண்டிருக்கும்போதே பந்தைக் கீழே போட்டுவிடுகிறது. அதன் பிறகு அது உன் முகத்தைப் பார்க்கவேயில்லை. மூக்கைத் தரையோடு ஒட்டி வைத்துக்கொண்டு, நேராகப் போகாமல் வளைந்து வளைந்து திரைச்சீலைப் பக்கம் நகர்கிறது. அங்கே ஒரு சுற்றுச் சுற்றி, மோந்த இடத்தையே மறுபடி மோந்து, வாலின் அடிப்பகுதி சற்று உயர, பின்னங்கால்களை அகட்டிக்கொண்டு உட்காருகிறது. அதற்கு அப்புறம்தான் உன்னுடைய "ஐயோ" கேட்கிறது. பந்து விழுந்ததற்கும் அந்த ஐயோவுக்கும் இடையில், குட்டியை வாசல்வரை தூக்கிக்கொண்டு போவதற்கு வேண்டிய நேரம் இருந்தது.

கால்நடைத் துறையில் ஆய்வாளராகக் காலம் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், குட்டியைப் பழக்குவதில் பெரும்பகுதி இப்படிப் பார்ப்பதுதான். விளையாட்டை நடுவில் நிறுத்துவது, திடீரென்று உன்னை விட்டு விலகி மூலைக்கோ அடுத்த அறைக்கோ போவது, முன்பு போன இடத்துக்கே திரும்பிப் போய் மோந்து பார்ப்பது, கதவருகே நின்று முனகுவது, காரணமில்லாமல் இருப்புக்கொள்ளாமல் அலைவது ஆகிய எல்லாமே அதன் மொழி. கதவருகே போய் முனகுவது பழகிய நாயின் அறிகுறி. இரண்டு மாதக் குட்டியிடம் அதை எதிர்பார்த்துக் காத்திருந்தால் தரைதான் நனையும். சுற்றுவது மலத்துக்கும், சட்டென்று நின்று மோப்பதோடு முடிந்துவிடுவது சிறுநீருக்கும் பெரும்பாலும் பொருந்தும். ஆண் குட்டியாயிற்றே, காலைத் தூக்கும் என்று நினைக்காதே. காலைத் தூக்குவதற்கு ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகும், அதுவரை அதுவும் உட்கார்ந்துதான் போகும். சுற்றுவதைப் பற்றி ஒரு வேடிக்கையும் உண்டு. செக், ஜெர்மானிய ஆய்வாளர்கள் 70 நாய்களைக் கவனித்து, பூமியின் காந்தப்புலம் அமைதியாக இருக்கும் வேளையில் நாய்கள் வடக்கு தெற்காக நின்று மலம் கழிப்பதையே விரும்புகின்றன என்று 2013 இறுதியில் வெளியிட்டார்கள். நீ திசைகாட்டியைத் தேடப் போக வேண்டாம். முதல் சுற்றிலேயே குட்டியைத் தூக்கிவிட்டால் போதும்.

பார்ப்பது என்றால் நாள் முழுவதும் கண்கொட்டாமல் பார்ப்பதும் அல்ல. அதற்கென்று வேளைகள் இருக்கின்றன. தூங்கி எழுந்த உடனே, தின்று முடித்து ஐந்து நிமிடத்திலிருந்து அரை மணி நேரத்துக்குள், தண்ணீர் குடித்த சற்று நேரத்தில், ஓடி விளையாடிய பிறகு, வீட்டுக்கு யாராவது வந்து அமர்க்களம் செய்த பிறகு என்று இந்த வேளைகளில் அறிகுறிக்குக்கூடக் காத்திராமல் நீயே வெளியே தூக்கிக்கொண்டு போ. வயிற்றில் உணவு விழுந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்குவது இயற்கை. ஆகவே நேரத்துக்கு உணவு வைத்தால் நேரத்துக்கு வெளியே போகும். கிண்ணத்தை நாள் முழுவதும் தரையில் வைத்திருக்கும் வீட்டில் குட்டி எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. வயது எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டினால் வரும் மணி நேரம் அடக்கி வைத்திருக்கும் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். அதன்படி பட்டாணிக்கு மூன்று மணி நேரம் வருகிறது. அது சும்மா படுத்திருக்கும் குட்டிக்கான உச்சவரம்பு. விழித்து விளையாடும் குட்டிக்கு ஒரு மணி நேரமே அதிகம். அடக்கும் தசைகள் நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள்தான் சரியாகத் தேறும், ஆகையால் இப்போது நடப்பதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்வதில் நியாயமில்லை.

கால்மிதியடியில் மட்டும் ஏன் போகிறது என்று மாப்பிள்ளை கேட்டதாக எழுதியிருந்தாய். பட்டாணி பிறந்தது எங்கே என்று நினைத்துப் பார். பூம்பாறையில் பூண்டு மூட்டை அடுக்கும், பழைய சாக்குகள் பரப்பிய கொட்டகையில் பிறந்த குட்டி அது. முதல் மூன்று வாரம் தாய் நாய் நக்கிக்கொடுத்துக் கழிக்க வைத்து, தானே சுத்தம் செய்துவிடும். அதன் பிறகு குட்டிகள் தட்டுத் தடுமாறியாவது படுக்கையை விட்டு நகர்ந்துதான் போகும். படுத்த இடத்தை அசுத்தம் செய்யக்கூடாது என்ற புத்தி அதற்குப் பிறவியிலேயே உண்டு. அந்த வயதில் காலுக்கடியில் எது பட்டதோ, அதன் மேல்தான் போக வேண்டும் என்று எட்டு ஒன்பது வாரத்துக்குள் அதன் மனத்தில் பதிந்துவிடுகிறது. உன் வீட்டு மிதியடி அதற்குச் சாக்கு மாதிரிதான் தெரியும். ஆகவே இப்போதைக்கு மிதியடிகளை எல்லாம் சுருட்டி மேலே வைத்துவிடு. கொல்லையில் நீ தேர்ந்தெடுக்கும் மூலையில் ஒரு சாக்குத் துண்டைப் போட்டு, அதன் மேல் மண்ணைத் தூவி, வாரத்துக்கு வாரம் சாக்கைச் சிறிதாக வெட்டிக்கொண்டே வந்தால், கடைசியில் வெறும் மண்ணுக்கே பழகிவிடும்.

இடம் ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். போகும் கதவும் சொல்லும் சொல்லும்கூட மாறக்கூடாது. நீ ஒரு வார்த்தையும், மாப்பிள்ளை ஒன்றும், உன் அத்தை வேறொன்றும் சொன்னால் குட்டி எதைப் பிடித்துக்கொள்ளும்? அங்கே போனதும் கயிற்றைக் குறுக்கிப் பிடித்துக்கொண்டு, பேசாமல், நடக்காமல் நில். முடித்த அந்த நொடியிலேயே பாராட்டு, கையில் ஒரு சிறு தீனி. போய்க்கொண்டிருக்கும்போதே பாராட்டினால் பாதியில் நிறுத்திவிட்டு உன்னிடம் ஓடி வரும், மீதி வீட்டுக்குள் வரும். முடித்ததுமே உள்ளே தூக்கிக்கொண்டு வந்துவிடாமல், சற்று நேரம் வெளியிலேயே விளையாட விடு. இல்லையென்றால் 'போனால் வெளிவாசம் முடிந்துவிடும்' என்று புரிந்துகொண்டு இழுத்தடிக்கக் கற்றுக்கொள்ளும்.

மலை ஊரில் இதில் ஒரு சிக்கல் உண்டு. சமவெளியில் குட்டி வளர்ப்பவர்களுக்கு அது தெரியாது. அத்தனை உயரத்தில், இந்த ஐப்பசி கார்த்திகை மழையில், ஈரப் புல்லில் கால் வைத்ததும் குட்டிக்கு வந்த காரியம் மறந்து, வீட்டுக்குத் திரும்புவதே காரியமாகிவிடும். குளிரில் சிறுநீரும் அடிக்கடி வரும். நடுங்கும் குட்டியிடம் மற்ற அறிகுறிகளும் சரியாகத் தெரியாது. சிறுநீர் போய்விட்டது என்று நீ உள்ளே கூட்டி வந்து துவட்டிக்கொண்டிருக்கும்போது மலம் வரும், ஏனென்றால் அது இரண்டு மூன்று நிமிடம் கழித்து, கொஞ்சம் நடந்த பிறகுதான் வரும் வழக்கம். குடையைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதுக்கும் காத்திரு. கொடைக்கானலை அடுத்த உங்கள் அட்டுவம்பட்டியில் மழை சாய்ந்தடிக்கும் நாட்களுக்கென்று, பின்பக்கத் தகரக் கூரைக்குக் கீழே ஒரு தட்டில் புல் கரணையைப் பரப்பி, கொல்லை மூலையிலிருந்து அது போன மண்ணில் ஒரு பிடியை எடுத்து அதில் கலந்து வை. வாசனை அதற்கு விலாசம் சொல்லிவிடும். வெளியே நின்று ஒன்றும் செய்யாமல் திரும்பினால், உள்ளே வந்ததும் அவிழ்த்து விடாமல் பத்து நிமிடம் மடியில் வைத்திருந்து, மறுபடி தூக்கிக்கொண்டு போ.

இரவில் மட்டும் எந்தக் காரணம் கொண்டும் கதவைத் திறந்து குட்டியைத் தனியே விடாதே. இங்கே கோத்தகிரியில் சிறுத்தை வந்து வாசலில் கட்டிய நாயைக் கொண்டு போவது புதிதல்ல. உங்கள் ஊரில் காட்டெருமை வீட்டு வேலியோரத்தில் நிற்பதை நீயே எழுதியிருக்கிறாய். முதலில் டார்ச் வெளிச்சத்தை நாலு பக்கமும் அடித்துப் பார்த்துவிட்டு, கயிற்றோடு தூக்கிப் போய், கயிற்றோடு தூக்கி வா. உங்கள் கட்டிலருகே ஒரு அட்டைப்பெட்டியில் படுக்க வைத்தால் அது நெளிவதும் முனகுவதும் காதில் விழும். பெட்டி, அது நீட்டிப் படுக்கவும் திரும்பவும் போதுமான அளவில்தான் இருக்க வேண்டும். பெரிதாக இருந்தால் ஒரு மூலையைக் கழிப்பறையாக்கிக்கொள்ளும். இரவு உணவை ஏழு மணிக்குள் முடித்துவிடு. படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு தண்ணீர்க் கிண்ணத்தை எடுக்கலாம், பகலில் ஒருபோதும் எடுக்காதே.

இனி உன் அத்தை சொன்னது. மூக்கை அதில் தேய்த்து இரண்டு போட்டால்தான் புத்தி வரும் என்று அவர்கள் சொன்னதைக் குறையாக எண்ண வேண்டாம். எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்து வந்தார்கள். ஆனால் அதிலிருந்து குட்டி கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்று, மனிதர் பார்க்கும்போது போகக்கூடாது என்பது. அப்புறம் அது கட்டிலுக்கு அடியில் போகும், நீ கயிற்றோடு வெளியே நிற்கும்போது உன் எதிரில் போகவே போகாது. தலையைத் தொங்கப்போட்டுக் குற்றவாளிபோல் பார்க்கிறதே என்பாய். 2009-ஆம் ஆண்டு அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் இதைச் சோதித்து, நாய் தப்புச் செய்ததோ இல்லையோ, எஜமானர் திட்டினால் அந்த முகம் வந்துவிடுகிறது என்று காட்டினார். போய்க்கொண்டிருக்கும்போது பார்த்தால் மெதுவாகக் கைதட்டி நிறுத்தி, தூக்கிக்கொண்டு வெளியே போ. முடிந்த பிறகு பார்த்தால் துடைக்க வேண்டியதுதான். நீ வீட்டுக்கு வந்ததும் மகிழ்ச்சியில் இரண்டு சொட்டு விடுவது வேறு விஷயம், அதைக் கண்டுகொள்ளாமல் குனிந்து அமைதியாகத் தடவிக்கொடு, வளர வளர நின்றுவிடும்.

துடைப்பதற்குப் பினாயில் உதவாது. அது நம் மூக்கைத்தான் ஏமாற்றும், குட்டியின் மூக்கை ஏமாற்றாது. அதோடு பாதத்தில் ஒட்டியதை நக்கினால் அதற்கு நஞ்சு. பிளீச்சிங் பவுடரும் வேண்டாம், சிறுநீரில் இருக்கும் அம்மோனியாவோடு சேர்ந்தால் மூச்சை அடைக்கும் வாயு கிளம்பும். உங்கள் வீடு பழைய பலகைத் தளம் என்பதால் பலகை இடுக்கில் இறங்குவதற்கு முன் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, நொதி (என்சைம்) கலந்த துப்புரவுத் திரவத்தை விட்டு ஊற வை. நாய்ப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். அது வரும்வரை சம அளவு தண்ணீர் கலந்த வெள்ளை வினிகர் போதும்.

பசும்பால் ஊற்றுவதை நிறுத்திவிடு. அதிலுள்ள சர்க்கரை பல குட்டிகளுக்குச் செரிக்காமல் வயிற்றைக் கலக்கும், வயிறு கலங்கிய குட்டியைப் பழக்க முடியாது. அடிக்கடி உட்கார்ந்து சொட்டுச் சொட்டாகப் போனாலோ, சிறுநீர் சிவந்திருந்தாலோ, மலத்தில் புழுவோ ரத்தமோ தெரிந்தாலோ பழக்கத்தின் குறை என்று விட்டுவிடாமல் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டு. ரத்தத்தோடு வாந்தியும் சோர்வும் சேர்ந்தால் பார்வோ என்ற கொடிய வைரஸ் நோயாக இருக்கலாம், ஒரு மணி நேரமும் தாமதிக்காதே. அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆகையால் தடுப்பூசி வரிசை முடியும் வரை, அதாவது 16 வாரம் ஆகும் வரை, தெரு நாய்கள் போகும் இடத்தில் அதை இறக்கிவிடாமல் உங்கள் கொல்லையோடு நிறுத்திக்கொள். மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் போட வேண்டும்.

பொங்கலுக்கு வரும்போது அதற்கு நான்கு மாதம் நிரம்பியிருக்கும், கடைசி ஊசியும் முடிந்திருக்கும். கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்பே உணவை நிறுத்திவிடு, வத்தலக்குண்டு இறங்குவதற்குள் மலைப்பாதை வளைவுகளில் வாந்தி எடுக்காமல் இருக்கும். பழகிய சாக்குத் துண்டைக் கையோடு கொண்டு வா. முட்டைக்கோஸ் எடுத்த பாத்தியில் ஒரு மூலையை அம்மா இப்போதே வேலி போட்டு ஒதுக்கியிருக்கிறாள்; அடுத்த பாத்தியில் கேரட் இருக்கிறது, அந்தப் பக்கம் விடக்கூடாது என்று உன்னிடம் சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா