மானும் பாம்பும்

ஐயா,

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வந்த நட்சத்திர விலங்குப் பட்டியலில் மிருகசீரிஷத்துக்கு மான் என்றும் ஆயில்யத்துக்குப் பாம்பு என்றும் போட்டிருக்கிறீர்கள். இவை யோனி விலங்குகள் அல்ல; கல்யாணப் பொருத்தம் பார்க்க ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் சொல்லப்படும் விலங்குதான் யோனி. மான் தலை மிருகசீரிஷத்தின் அடையாளம், நாகம் ஆயில்யத்தின் தேவதை. யோனிப் பொருத்தத்துக்கு மிருகசீரிஷம் பெண் பாம்பு, ஆயில்யம் ஆண் பூனை. மான் என்பது அனுஷமும் கேட்டையும்தான்.

சின்ன விஷயம் என்று விட மனம் வரவில்லை. பல வருடங்களாகப் பொருத்தம் பார்த்துக் கொடுக்கிறேன். போன வாரம் ஒரு தாயார் தங்கள் பக்கத்தைக் கத்தரித்து எடுத்துவந்தார். பெண் மிருகசீரிஷம், பையன் மூலம். மூலத்தின் யோனி நாய். நாய்க்கும் மானுக்கும் பகை, அதனால் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். பாம்புக்குப் பகை கீரி, அதாவது உத்திராடம், நாய் அல்ல! அப்புறம், யோனி பத்துப் பொருத்தங்களில் ஒன்றுதான். ரஜ்ஜு, தினம், கணம் என்ற மற்ற பொருத்தங்கள் எதையுமே அவர்கள் பார்க்கவில்லை.

27 நட்சத்திரங்களுக்கும் அடையாளம், தேவதை, யோனி மூன்றையும் தனித்தனிப் பத்தியாகப் போட்டு, திருத்திய பட்டியலை அடுத்த ஞாயிறே வெளியிடுங்கள். அந்த அம்மாவிடம் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஜாதகம் பார்க்கும் வாசகர்