எந்தப் பக்கம் வீடு பார்க்கலாம் என்று கேட்டாயே

சுங்கை சிப்புட்
ஞாயிறு காலை

அன்பு மகளுக்கு,

கோலாலம்பூரில் வீடு தேடுகிற நீ நேற்று ராத்திரி போனில் கேட்டாய்: "மோண்ட் கியாராவில் தோழியோடு ஓர் அறையா, செந்தூலில் பழைய ஃபிளாட்டா, எது நல்ல ஏரியாப்பா?" நான் செந்தூல் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டேன். உன் குரல் வாடிப்போனது எனக்குத் தெரிந்தது. காரணம் சொல்லாமல் விட்டது என் தப்பு. அதுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மா பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டே, என்ன எழுதுகிறேன் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இருபத்திரண்டு வருஷம் லோரி ஓட்டினேன். ரப்பர் ஏற்றிக்கொண்டு கிள்ளான் துறைமுகம் போய்வருவேன். கோலாலம்பூரைச் சுற்றி இருக்கிற இடங்களை எல்லாம் நான் பார்த்துப் பழகியது அந்த லோரியில் உட்கார்ந்துதான். ஆரம்பத்தில் வழிநெடுகப் பால்மரம், அதாவது ரப்பர் மரம். பிறகு ஒவ்வொரு தோட்டமாகக் குறைந்தது. ஒரு தடவை போனால் மரம் வெட்டிச் செம்மண் கிடக்கும். அடுத்த தடவை தாமான் என்கிற புதுக் குடியிருப்பின் பெயர் எழுதிய பலகை நிற்கும். அதற்கடுத்த தடவை வீடுகளில் துணி காயும்.

நீ பார்த்து ஆசைப்படுகிற இடங்கள் பலவும் ரப்பர் தோட்டமாக இருந்தவைதான், பாப்பா. பெட்டாலிங் ஜெயா எழும்பியது எஃபிங்ஹாம் தோட்டத்தில், 1950களின் தொடக்கத்தில். சுபாங் ஜெயா, சீபீல்ட் தோட்டம். பங்சார் என்ற பெயரே புங்கே, கிரிசார் என்ற இரண்டு தோட்ட முதலாளிகளின் பெயர் சேர்ந்து வந்ததாகச் சொல்வார்கள். புத்ராஜெயா இருக்கிற இடம் பிராங் பெசார் தோட்டம். அங்கே இருந்தவர்களை டிங்கிலுக்கு அனுப்பினார்கள். இதை எந்த வீட்டு ஏஜெண்டும் உனக்குச் சொல்லமாட்டான். அப்பா சொல்லவேண்டியது.

நம் தோட்டம் விற்றபோது உனக்கு நாலு வயசு. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பன்னிரண்டு குடும்பம். காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு ஒன்றாகக் கிளம்பி, ஒரே ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளை விட்டு, ஒரே குழாயில் தண்ணீர் பிடித்த குடும்பங்கள். நஷ்டஈடு கொடுத்தார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஆளுக்கொரு தாமானுக்குச் சிதறிப்போனோம். உன்னைத் தூக்கி வளர்த்த பக்கத்து வீட்டு அக்கா இறந்த செய்தி எங்களுக்கு மூன்று நாள் கழித்துத்தான் வந்தது. லயத்தில் இருந்திருந்தால் அந்த அக்காவுக்குக் கடைசித் தண்ணீர் உன் அம்மா கையால்தான் போயிருக்கும். அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லி அழுவாள்.

அதிலிருந்து ஓர் இடத்தைப் பார்த்தால் என் கண் முதலில் தேடுவது இதைத்தான்: சாயங்காலம் ஆறு மணிக்கு வாசலில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? கடைக்காரர் வருகிறவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாரா? செந்தூலில் கூப்பிடுவார்கள். ரயில்வே பட்டறையில் வேலை செய்ய வந்த நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருந்தார்கள். இப்போது உயரமான கட்டடங்கள் வந்துவிட்டன, ஆனாலும் பழைய தெருக்களில் அந்தப் பழக்கம் போகவில்லை. கொமுட்டர் ரயில் ஏறினால் ஒரு பக்கம் பத்துமலை, மறு பக்கம் உன் ஆபீஸ் இருக்கிற கே.எல். சென்ட்ரல். மோண்ட் கியாராவுக்குள் ரயிலே கிடையாது, தினமும் காருக்குக் கொடுத்தே சம்பளம் கரையும்.

பிரிக்பீல்ட்ஸும் பாரேன் என்பாய். ஆபீசுக்கு நடந்தே போகலாம், சாப்பாட்டுக்குக் குறையில்லை. கோலாலம்பூர் பட்டணம் எரிந்து, வெள்ளத்திலும் அழிந்த 1881க்குப் பிறகு செங்கலில் கட்டு என்றார்கள், அந்தச் செங்கல் சூளை இருந்த இடம் அது. அதன் பெரிய தெருவுக்கு மந்திரியாக இருந்த நம் ஊர்க்காரர் துன் சம்பந்தன் பேர். 1960ல் அவர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபோது உன் தாத்தா கூலியில் மிச்சம் பிடித்துப் பங்கு கட்டினார். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற காலம் அது. நாமே சேர்ந்து வாங்கினால் யாரும் நம்மைக் கிளப்ப முடியாது என்று நம்பினார்கள். அந்தத் தெருவில் நடக்கும்போது தாத்தாவை நினைத்துக்கொள். ஆனால் அங்கே சத்தமும் வாடகையும் அதிகம், அதனால்தான் நான் சொல்லவில்லை.

கிள்ளான், ஷா ஆலாம் பக்கம் யாராவது மலிவாக இருக்கிறது என்றால் வீட்டுச் சுவரை நன்றாகப் பார். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாமில் ஸ்ரீ மூடா தாமான் முழுகியது நினைவிருக்கிறதல்லவா? புதுச் சாயம் அடித்திருந்தாலும் அலமாரிக்குப் பின்னால் தண்ணீர் நின்ற கோடு தெரியும்.

எங்கே எடுத்தாலும் முன்பணம் இரண்டு மாதம், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், முதல் மாத வாடகை கேட்பார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எனக்குச் சொல். மூவாயிரம் வெள்ளி வரை நான் போட்டுவிடுகிறேன், உன் சேமிப்பில் கை வைக்காதே.

கடைசியில் நீ மோண்ட் கியாராதான் என்றாலும் அப்பாவுக்குக் கோபமில்லை. ஒன்று மட்டும் செய். பக்கத்தில் புக்கிட் கியாரா மலை இருக்கிறது. அதுவும் தோட்டம்தான், அங்கே வேலை செய்தவர்களை 1980களில் கீழே கொண்டுவந்து, கொஞ்ச நாளைக்குத்தான் என்று சொல்லி நீள வீடுகளில் வைத்தார்கள். அந்தக் கொஞ்ச நாள் பல பத்து வருஷமாக நீண்டது. மலைமேல் பழைய பால்மரங்கள் இன்னும் நிற்கின்றன. ஒரு மரத்தடியில் நின்று பட்டையைத் தொட்டுப் பார். பால் வெட்டின கத்தி அளவாக இறங்கியிருந்தால் பட்டை வழவழப்பாக வளர்ந்திருக்கும். ஆழமாகப் போய்க் கட்டையில் பட்டிருந்தால் அந்த இடம் கட்டி கட்டியாக முடிச்சு விழுந்திருக்கும்.

கிட்டப் போய்ப் படம் எடுத்து அனுப்பு. வெட்டியது பழகின கையா புதுக் கையா என்று அம்மா பார்த்துச் சொல்கிறேன் என்கிறாள்.

அன்புடன்,
அப்பா