பிள்ளைகளுக்குச் செபமாலை: பத்துப் புளியங்கொட்டை போதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செபமாலை மாதமான அக்டோபர் முடிந்துவிட்டது. எங்கள் தெருவில் வீடு வீடாக வந்துபோன மாதா சுரூபம் கோவிலுக்குத் திரும்பிவிட்டது. பிள்ளைகள் கையில் ஒரு மாதம் இருந்த செபமாலைகள் மறுபடியும் சுவரில் ஆணிக்குப் போய்விட்டன, இனி அடுத்த அக்டோபரில்தான் அவற்றை எடுப்பார்கள். தேவகோட்டைப் பக்கம் ஒரு பங்கில் 16 வருடமாக ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். ஒவ்வொரு நவம்பரிலும் இது மனதை உறுத்தும், அப்புறம் கிறிஸ்துமஸ் வேலையில் மறந்துபோகும். இந்த வருடம் மறக்க முடியவில்லை.

ஒரு கோவிலில் மறை உண்மைகளை, அதாவது செபமாலையில் தியானிக்கும் இயேசு, மாதா வாழ்வின் நிகழ்வுகளை, ஒப்புவிக்கும் போட்டி வைத்தார்கள். மகிழ்ச்சி, ஒளி, துயரம், மகிமை என்று வகைக்கு ஐந்தாக இருபதையும் வரிசை மாறாமல் சொல்ல வேண்டும். எங்கள் வகுப்பிலிருந்து ஏழு வயதுப் பிள்ளை ஒன்று போனது. பன்னிரண்டு வரைக்கும் கடகடவென்று சொல்லிவிட்டு நின்றுவிட்டாள். மைக்கில் "அடுத்து? அடுத்து?" என்று கேட்டார்கள். பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். அழுதுகொண்டே இறங்கியவளை, வீட்டில் ஒழுங்காகத்தானே சொன்னாய் என்று அவள் அம்மா கையில் கிள்ளியதையும் பார்த்தேன். அன்றிலிருந்து வீட்டில் இரவு செபத்துக்கு உட்கார்ந்தாலே வயிறு வலிக்கிறது என்கிறாளாம். அவளைத் தயார் செய்து அனுப்பியவர்களில் நானும் ஒருத்தி என்பதால் எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த ஞாயிறு அவளைத் திண்ணையில் பக்கத்தில் உட்காரவைத்து, "மரியாள் எலிசபெத்தைச் சந்தித்ததுன்னா என்னம்மா?" என்று கேட்டேன். தெரியவில்லை. பன்னிரண்டு தலைப்பு மனப்பாடம், ஒன்றுக்குக்கூட உள்ளே என்ன நடந்தது என்று தெரியாது. அவளுக்கு மட்டுமில்லை, வகுப்பில் பாதிப் பேருக்கும் தெரியவில்லை. சரி என்று கதையாகச் சொன்னேன். வயதான ஒரு சொந்தக்காரி மாசமாக இருக்கிறாள் என்று கேள்விப்பட்ட ஒரு சின்னப் பெண், அவளே அப்போதுதான் வயிற்றில் பிள்ளையைச் சுமக்கத் தொடங்கியவள், மலைநாட்டுக்குக் கிளம்பிப் போய் மூன்று மாதம் போலக் கூட இருந்தாள் என்றேன். "பஸ்ஸிலயா போனாங்க?" என்று கேட்டாள். பஸ் ஏது, நடந்துதான் போயிருப்பார்கள் என்றதும், எங்கள் ஊர் வழியாக வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்களைப் போலவா என்றாள். அவ்வளவுதான், அந்த மறை உண்மை அவளுக்குள் போய்விட்டது. இனி யார் மைக்கில் கேட்டாலும் மறக்கமாட்டாள்.

நான் சொல்லவருவது இதைத்தான். செபமாலையை ஒரு மாதத்தில் திணிக்காமல், வருடம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளைகளுக்குக் கொடுப்போம். மறை உண்மைகள் இருபது, வருடத்துக்கு வாரம் ஐம்பத்திரண்டு. ஒன்றுக்கு இரண்டு வாரத்துக்கு மேலேயே கிடைக்கிறது. திருச்சபையே அதற்கு நாள் குறித்து வைத்திருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக் காலத்தில், வானதூதர் மரியாளுக்குச் சொன்ன மங்கள வார்த்தையும் எலிசபெத் சந்திப்பும். குடில் கட்டியதும் அதன் முன்னாலேயே இயேசு பிறப்பு. பிப்ரவரி 2 அன்று மெழுகுதிரி மந்திரித்துக் கொடுக்கும்போது, குழந்தை இயேசுவைக் காணிக்கையாக ஒப்புக்கொடுத்தது. தவக்காலத்தில் எப்படியும் வெள்ளிதோறும் சிலுவைப்பாதைக்குப் பிள்ளைகள் வருகிறார்கள், துயர மறை உண்மைகளுக்குத் தனியாகப் பாடமே வேண்டாம். உயிர்ப்புத் திருநாளான பாஸ்காவுக்குப் பிறகு மகிமை. ஆகஸ்ட் 6 இயேசுவின் உருமாற்றம், 15 மாதாவின் விண்ணேற்பு. இப்படியே போனால் அக்டோபர் வரும்போது பிள்ளைக்கு இருபதும் ஏற்கெனவே தெரிந்த ஊர்களாக இருக்கும்.

எங்கள் பகுதிக்கு இதில் ஒரு கொடுப்பினை உண்டு. பக்கத்திலேயே ஓரியூர். புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்ட இடம். அவருடைய இரத்தத்தால்தான் அந்த மண் சிவந்தது என்று நம்பி இன்றும் மக்கள் எடுத்துப்போகிறார்கள். அங்கே போகும்போது அந்தச் செம்மண்ணில் பிள்ளைகளை உட்காரவைத்து, இயேசு சிலுவை சுமந்ததைத் தியானித்து ஒரே ஒரு பத்து மணி, அதாவது பத்து அருள் நிறைந்த மரியே, சொல்லிப் பாருங்கள். வகுப்பறையில் நான் ஒரு மாதம் பேசினாலும் அது வராது.

ஒரே ஒரு பத்து என்றதைக் கவனிக்க வேண்டும். முழுச் செபமாலையின் 53 மணிக்குக் கால் மணி நேரத்துக்கு மேலே ஆகும், அது ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு யுகம். ஒரு பத்துக்கு மூன்று நான்கு நிமிடம் போதும். புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கும் வயதுவரை அது போதும் என்பது என் அனுபவம், அதற்கு மேல் பிள்ளை தானாகக் கேட்டால் சொல்லட்டும். சின்னதுகளுக்குச் செபமாலையைக் கையில் கொடுத்தால் சுழற்றும், கழுத்தில் மாட்டும், அறுந்துபோனால் அடி வாங்கும். அதனால் என் வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் பழக்கியது புளியங்கொட்டையில். நம் ஊர் ஓலைக் கொட்டான் ஒன்றில் பத்துக் கொட்டை. ஒரு அருள் நிறைந்த மரியே சொன்னால் ஒன்றை எடுத்து வெளியே வைக்க வேண்டும். கொட்டான் காலியானால் பத்து முடிந்தது. எத்தனை பாக்கி என்று கண்ணுக்குத் தெரிவதால் பிள்ளை நெளிவதில்லை. கை வேலை செய்யும்போது வாயும் ஒழுங்காகச் சொல்கிறது.

இன்னொன்று, அருள் நிறைந்த மரியே செபத்தில் முதலில் பின்பாதியைச் சொல்லிக்கொடுங்கள். "தூய மரியே, இறைவனின் தாயே" என்று பதில் சொல்வதுதான் பிள்ளையின் வேலை, முன்பாதியைப் பெரியவர்கள் சொல்கிறோம். பத்துத் தடவை கேட்டாலே முன்பாதி தானாக வந்துவிடும். அது வந்த பிறகு, இன்றைக்கு நீ முன்னால் சொல்லு, நாங்கள் பதில் சொல்கிறோம் என்று விட்டுப்பாருங்கள், அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்! இதில் வீடுகளில் வரும் ஒரு சங்கடம் அப்பத்தாக்களின் பழைய செபம். "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே" என்று அவர்கள் தொடங்குவார்கள், பிள்ளை புதுச் செபத்தில் பதில் சொல்லும், நடுவில் அம்மா வந்து அப்பத்தாவைத் திருத்துவார். தயவுசெய்து திருத்தாதீர்கள். இரண்டும் ஒரே செபம்தான். "சர்வேசுரனுடைய மாதாவே" என்று சொல்லிச் சொல்லியே வாழ்க்கை முழுவதையும் தாண்டி வந்த ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதே அந்தப் பிள்ளைக்குப் பெரிய பாடம். அதே மாதிரி, 2002 அக்டோபரில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஒளியின் மறை உண்மைகளைச் சேர்த்து வியாழனுக்கு வைத்த பிறகும், அந்த நாளில் பழைய பழக்கத்தில் மகிழ்ச்சியைத் தொடங்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகள் அதை மெதுவாக ஞாபகப்படுத்தினால் கோபப்படவும் வேண்டாம்.

ஒளியின் மறை உண்மைகளில் வரும், திராட்சை இரசம் தீர்ந்துபோன கானாவூர் கல்யாணத்தை நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டாம். பந்தி நடக்கும்போது ஒன்று தீர்ந்துபோனால் பெண்வீட்டார் முகம் எப்படி ஆகும் என்று அவர்கள் பார்த்திருக்கிறார்கள். அதை முதலில் கவனித்தது மாதா என்றால் போதும்.

அருள் நிறைந்த மரியே செபத்தின் முடிவில் வரும் "இறப்பின் வேளையிலும்" என்றால் என்ன என்று கேட்காத பிள்ளை இல்லை. நான் அதை வகுப்பில் விளக்குவதில்லை. நவம்பர் 2, கல்லறைத் திருநாளில் தாத்தாவின் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு ஒரு பத்து மணி சொல்லுங்கள் என்று பெற்றோரிடம் சொல்லிவிடுவேன். இந்த வருடம் ஒரு பையன் வந்து, "தாத்தா சாகும்போது மாதா கிட்ட இருந்தாங்களா டீச்சர்?" என்று கேட்டான். ஆமாம்ப்பா, அதைத்தானே தினமும் கேட்கிறோம் என்றேன்.

போர்ச்சுகலின் பாதிமா நகரில் 1917இல் மாதா காட்சி கொடுத்தது யாருக்கு? பத்து, எட்டு, ஏழு வயதில் ஆடு மேய்த்த மூன்று பிள்ளைகளுக்கு. சாப்பிட்டதும் செபமாலை சொல்ல வேண்டும் என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள், அவர்களுக்கோ விளையாடும் அவசரம். அதனால் ஒவ்வொரு மணிக்கும் செபத்தின் முதல் வார்த்தைகளை மட்டும் சொல்லி முடித்துவிடுவார்களாம். மூவரில் மூத்தவரான லூசியாவே பிற்பாடு இதை எழுதியிருக்கிறார். மாதா அவர்களிடம்தான் வந்தார், தினமும் செபமாலை சொல்லுங்கள் என்று கேட்டார். அந்த மூவரில் இரண்டு பேர், பிரான்சிஸும் ஜசிந்தாவும், 2017இல் புனிதர்கள். நம் பிள்ளை நடுவில் கொட்டாவி விட்டால் மண்டையில் குட்டும் பெற்றோர் இதைக் கொஞ்சம் நினைக்க வேண்டும்.

பங்குத்தந்தையர்களுக்கும் அன்பியங்கள் என்ற தெருக் குழுக்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. அடுத்த அக்டோபரில் ஒப்புவிக்கும் போட்டியை விட்டுவிடுங்கள். அதற்குப் பதில் ஏதாவது ஒரு மறை உண்மையைப் பிள்ளை தன் வாயால் கதையாகச் சொல்லட்டும், பரிசு கொடுப்பதென்றால் மேடை ஏறிய எல்லாருக்கும் ஒரே பரிசாகக் கொடுங்கள்.

எங்கள் வகுப்பில் திருவருகைக் கால முதல் ஞாயிறு அன்று ஆளுக்கு ஒரு கொட்டானும் பத்துப் புளியங்கொட்டையும் கொடுக்கப்போகிறோம். போட்டியில் அழுதாளே, அந்தப் பிள்ளை போன வாரமே வந்து கேட்டுவிட்டாள், கொட்டை தன் வீட்டு மரத்திலிருந்தே கொண்டுவரலாமா என்று. எல்லாருக்கும் சேர்த்தே கொண்டுவா என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மறைக்கல்வி ஆசிரியை,
தேவகோட்டை